வாசல் கோலம் யாருக்காக?

மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. பகல் பத்து, இராப்பத்து, பரமபத வாசல், ரத்னாங்கியில் நம்பெருமாள், முத்தங்கியில் பெரிய பெருமாள் என்று பார்த்துப் பார்த்துக் கண்கள் நிறைந்து வழியும். தை பிறந்தால் பொங்கல். அதன் பின்னே பூபதித் திருநாள், உத்திர வீதிகளில் தைத் தேர். இவை எல்லாம் முடிந்து, வெளியூர் வேன்கள் கிளம்பிப் போன பிறகு, சத்தமே இல்லாமல் மாசி வந்து நிற்கும்.

தமிழர்கள் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்து, மாசியையும் பங்குனியையும் பின்பனிக் காலம் என்றார்கள். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்பது பழமொழி. திருச்சிக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நம்மூரில் மச்சைத் துளைப்பது வெயில்தான்! ஆனாலும் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வாளியோடு வாசலுக்கு வந்து பாருங்கள். 236 அடி உயர ராஜகோபுரத்தின் மேல்நிலைகள் பாலில் கரைந்தது போல மங்கலாகத் தெரியும். வேப்பமரம் இரவெல்லாம் உதிர்த்த பழுத்த இலைகள் தெருவில் மஞ்சளாகக் கிடக்கும். எங்கோ ஒரு குயில், இந்த வருடத்துக்கு முதல் தடவையாகத் தொண்டையைச் சரிசெய்து கொள்ளும். எதிர்வீட்டு மாமரத்தில் பூ வாசனை.

நீங்கள் தண்ணீர் தெளித்து, பெருக்கி, குனிந்து புள்ளி வைக்கிறீர்கள். இருபது நிமிடமோ, அரை மணியோ... கோலம் முடிந்து நிமிரும்போது பால்காரரின் சைக்கிள் அதன் மேலேயே ஏறிப் போகிறது. அப்போது மனசுக்குள் ஒரு கேள்வி எழும். எழாத இல்லத்தரசி இருக்க மாட்டார்.

‘இந்த நேரத்தில் உட்கார்ந்து இரண்டு ஸ்லோகம் சொல்லியிருந்தால் புண்ணியமாவது சேர்ந்திருக்கும். மாவைக் கொட்டி, மிதிபடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் என்ன இருக்கிறது?’

சாதாரணக் கேள்வி போலத்தான் தெரிகிறது. ஆனால் இதற்குள் நம் பெரியவர்கள் பல நூற்றாண்டுகளாக மல்லுக்கட்டிய கேள்வி ஒளிந்திருக்கிறது. அழகை ரசிப்பது, அழகைச் செய்வது... இவை நம்மைப் பகவானிடம் கொண்டு சேர்க்குமா, அல்லது அவனை மறக்கச் செய்யுமா? பூவும் கோலமும் பட்டும் பாட்டும் பக்தியின் பகுதியா, அல்லது பக்தி என்று நாம் பெயர் வைத்துக்கொண்ட பற்றா?

‘இதில் என்ன சந்தேகம், எல்லாம் பக்திதான்’ என்று அவசரமாகத் தலையாட்டிவிட வேண்டாம். எதிர்க்கட்சி பலமானது! பட்டினத்தாரைப் படித்தவர்களுக்குத் தெரியும். உடம்பின் அழகை நம்பாதே என்று அவர் சொல்லியிருக்கிற வேகத்தில், கண்ணாடி முன்னால் நிற்கவே கூச்சமாகிவிடும். நம் திருச்சியிலேயே தாயுமானவர் இருந்தார். நாயக்கர் அரண்மனையில் பெரிய உத்தியோகம். பட்டும் பல்லக்கும் சலித்து, எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கிளம்பிவிட்டார். இவர்கள் அனுபவிக்கத் தெரியாதவர்கள் அல்லர். அனுபவித்து, அதன் மறுபக்கத்தையும் பார்த்தவர்கள். அழகு நம்மைக் கட்டிப் போடும், கட்டிப் போட்டதே தெரியாமல் கட்டிப் போடும் என்ற அவர்களுடைய எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. நாமே பார்க்கிறோமே! நவராத்திரிக்குக் கொலு வைக்க ஆரம்பிக்கும்போது அம்பாள் நினைப்பு. மூன்றாம் நாள், எதிர்வீட்டுக் கொலுவில் எத்தனை படி என்ற நினைப்பு.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. உலகம் மாயை என்று உபதேசித்த ஆதிசங்கரர் அருளியதாகவே நம் மரபு போற்றுவது சௌந்தர்ய லஹரி. பெயரிலேயே அழகின் அலை! நூறு சுலோகங்களில் அம்பாளின் திருமுடி முதல் திருவடி வரை வர்ணனை. உலகத்தை விட்டுவிடு என்றவர், அழகை விட்டுவிடு என்று ஏன் சொல்லவில்லை?

இந்த முடிச்சை அவிழ்க்க, உறையூர்க்காரர் ஒருவரின் கதையைத்தான் நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன். பலருக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற இடங்கள் உண்டு.

ஸ்ரீராமானுஜர் ஸ்ரீரங்கத்தில் எழுந்தருளியிருந்த காலம். திருவிழாக் கூட்டம். காவேரி மணல் கொதிக்கிறது. அந்தக் கூட்டத்தின் நடுவே ஓர் ஆஜானுபாகு, உறையூரின் பேர்பெற்ற மல்லர், ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்துக்கொண்டு வருகிறார். வெறும் குடை அல்ல. அவள் கண்களில் வெயில் பட்டுவிடக் கூடாதே என்று, அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வருகிறார்! ஊரே சிரிக்கிறது. அவருக்கு ஊர் இருப்பதே தெரியவில்லை. அவர்தான் பின்னாளில் பிள்ளை உறங்காவில்லி தாசர் என்று வைஷ்ணவ உலகம் கொண்டாடியவர். அந்தப் பெண்மணி பொன்னாச்சியார்.

ராமானுஜர் அவரை அழைத்தார். “வெட்கமில்லாமல் இது என்ன வேலை?” என்று அதட்டவில்லை. “பெண்ணின் கண்ணாவது, அழகாவது, எல்லாம் மாமிசம்” என்று வேதாந்தம் பேசவில்லை. ஏன் இப்படி என்று விசாரித்தார். “இந்தக் கண்களைவிட அழகானது உலகத்தில் இல்லை சுவாமி” என்றார் மல்லர். “இதைவிட அழகான கண்களைக் காட்டினால்?” என்று கேட்டார் ராமானுஜர். “அப்படி இருந்தால் அதற்கே அடிமை” என்று பதில் வந்தது. அழைத்துப் போய் அரங்கனின் திருக்கண்களைச் சேவிக்க வைத்தார். அத்தோடு அந்த வீரர் கரைந்துபோனார்.

கவனியுங்கள். ‘கண்ணை மூடிக்கொள்’ என்று ராமானுஜர் சொல்லவே இல்லை. ‘இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து பார்’ என்றுதான் சொன்னார். அழகுக்கு அடிமையாகிற அந்த மனசு இருக்கிறதே, அதை அவர் குறையாகக் கருதவில்லை. அதுதான் முதல் தகுதி என்று கண்டுகொண்டார். ஒரு பெண்ணின் கண்களில் தன்னை மறக்கத் தெரியாதவனுக்கு, பெருமாளின் கண்களைக் காட்டியிருந்தாலும் ‘நன்றாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் பிரசாதக் கடைப் பக்கம் போயிருப்பான்!

இன்னொன்று. அரங்கனைச் சேவித்த பிறகு பொன்னாச்சியாரை அவர் விட்டுவிட்டாரா? இல்லை. இருவருமே ராமானுஜரின் அடியார்கள் ஆனார்கள். ஸ்ரீரங்கத்திலேயே குடித்தனம். அந்த அம்மையாரின் கண்களின் அழகு குறைந்துபோகவில்லை. அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கணவருக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். (பொன்னாச்சியார் அந்தக் குடைக்குள் என்ன நினைத்துக்கொண்டு நடந்திருப்பார் என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? ஊர் சிரிக்க நடந்தவர் அவரும்தானே! பின்னாளில் ஞானத்தில் கணவருக்குச் சற்றும் குறையாதவர் என்று மரபு அவரைப் பேசுகிறது.)

அவர்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவம் நம் கேள்விக்கு மிக அவசியம். மடத்தில் சில சீடர்கள், உலர்த்திய தங்கள் துணி கிழிந்துபோயிருந்ததற்காக ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்களாம். அவர்களுக்குப் பாடம் கற்பிக்க நினைத்த ராமானுஜர், “உறங்காவில்லி தாசரை இங்கே பேச்சில் இருத்திவைக்கிறேன். நீங்கள் அவர் வீட்டுக்குப் போய், தூங்கும் பொன்னாச்சியாரின் நகைகளைக் கழற்றி வாருங்கள்” என்று அனுப்பினார். போனார்கள். ஒரு பக்கத்து நகைகளைக் கழற்றினார்கள். அம்மையாருக்கு விழிப்பு வந்துவிட்டது. வந்திருப்பவர்கள் பாகவதர்கள், ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று எண்ணி, மறுபக்கத்து நகைகளையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று தூக்கத்தில் புரள்வது போலப் புரண்டு படுத்தார். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள்.

வீடு திரும்பிய தாசரிடம் அம்மையார் நடந்ததைச் சொன்னார். அவர் பாராட்டவில்லை. கோபித்துக்கொண்டார். “நீ ஏன் புரண்டாய்? ‘என் நகை, நான் கொடுக்கிறேன்’ என்ற எண்ணம் இருந்ததால்தானே புரண்டாய்? பெருமாளுடையது என்று சும்மா கிடந்திருந்தால் அவர்களே எடுத்துப் போயிருப்பார்களே!”

எனக்கு இந்த இடத்தில் பொன்னாச்சியாரின் கட்சிதான் பிடிக்கும், அது வேறு விஷயம். ஆனால் தாசர் சொன்னதில் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அழகில் தவறில்லை, ‘என்னுடையது’ என்பதில்தான் சிக்கல். ஓர் அழகு நம்மைக் கட்டுகிறதா, கரைக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், அது கையை விட்டுப் போகிற நேரத்தில் மனசு என்ன செய்கிறது என்று பார்த்தால் போதும்.

இப்போது வாசல் கோலத்துக்கு வாருங்கள். பட்டினத்தார் வைக்கிற பரீட்சையில், உறங்காவில்லி தாசர் வைக்கிற பரீட்சையில், தினமும் முதல் மதிப்பெண் வாங்குவது நம் கோலம்தான்! ஓவியர் சட்டம் போட்டு மாட்டுகிறார். சிற்பி கல்லில் வடித்து நிலைக்க வைக்கிறார். கோலம் போடுகிறவள் மட்டும், இது சாயங்காலம் இருக்காது என்று தெரிந்தேதான் புள்ளி வைக்கிறாள். நாளைக்கு அவளே தண்ணீர் ஊற்றி அழிப்பாள். கையெழுத்துக் கிடையாது, விலை கிடையாது, அடுத்த தெருவுக்குக்கூடப் பெயர் தெரியாது. துறவு துறவு என்கிறார்களே, காவி கட்டாமல் தினம் விடியற்காலையில் நடக்கிற ஒரு சின்னத் துறவு இது என்று சொன்னால் மிகையாகுமா?

அரிசி மாவில் போட்டால் எறும்புக்கு உணவு என்பதும் உங்களுக்குத் தெரியும். வீட்டில் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, பெயர் தெரியாத உயிர்களுக்கு வாசலில் ஒரு வேளைச் சாப்பாடு. கடையில் வாங்குகிற வெள்ளைக்கல் பொடி பளிச்சென்று விழும்தான்; எறும்பு அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வெள்ளிக்கிழமையாவது பச்சரிசி மாவில் ஓர் இழை போட்டால் நல்லது. ஸ்டிக்கர் கோலத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அடுக்குமாடி வீட்டில், லிஃப்ட் கதவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவே இரண்டடி இடத்தில் குடித்தனம் செய்கிறவர்களின் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். அந்த இரண்டடியிலும் நான்கு புள்ளி வைக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்!

‘வெறும் கோலம்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் 1974-ல் கணினித் துறையின் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் நம் கோலங்களைப் பற்றி எழுதினார்கள். ஒரு சின்ன அமைப்பை, சில விதிகளின்படி விரித்துக்கொண்டே போய்ப் பெரிய கோலமாக்குகிறாளே நம்மூர்ப் பெண், அந்த விதிகளைக் கணித மொழியில் எழுதிக் காட்டினார்கள். கணினிக்கான இலக்கணமே அதில் இருந்தது! எடுத்த இழை எங்கும் அறாமல், எல்லாப் புள்ளிகளையும் சுற்றி, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேரும் சிக்குக் கோலத்தை, உங்கள் பாட்டி கணிதம் படித்தா போட்டார்? கைக்குத் தெரிந்திருந்தது.

அழகைச் செய்வது ஒன்று. அழகைப் பார்ப்பது இன்னொன்று. பார்ப்பதற்கு மாசியைப் போல வசதியான மாதம் இல்லை. ஸ்ரீரங்கம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், மார்கழி, தையில் மல்லிகை வாங்கக் கை நடுங்கும். பனியில் மொட்டுக் கட்டாது, வரத்து குறையும், விலை எங்கோ போய் நிற்கும். மாசி பாதியில் பனி குறைந்து வெயில் உறைக்க ஆரம்பித்ததும், செடிக்கு உயிர் வரும். கூடையில் மல்லிகை வெள்ளையாக நிறையத் தொடங்கும். அந்த முதல் முழத்தை வாங்கி, வாழை நாரில் தொடுத்து, சுவாமி படத்துக்கு வைத்துவிட்டு மீதியைத் தலையில் வைத்துக்கொள்ளும்போது, ஒரு நிமிஷம் நின்று முகர்ந்து பார்த்தீர்களா? அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில் கொடுத்துவிட்டது என்று ஓடினீர்களா? மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்பட்டுவிடும். மாசியில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் நின்றால் காவேரி இளைத்து, நடுவே மணல் திட்டுகள் தெரிய, இடுப்பொடிந்த வெள்ளிக் கம்பி போல ஓடும். ஆடிப் பெருக்கில் பார்த்தவளா இவள் என்று தோன்றும். நிறைந்து ஓடுவதில் ஓர் அழகு. குறைந்து நிற்பதில் இன்னோர் அழகு. இதே மாசியில்தான் நம்பெருமாளுக்குத் தெப்ப உற்சவம். விளக்குகளோடு தெப்பம் நகரும்போது, தண்ணீரில் இன்னொரு தெப்பம் தலைகீழாக அசைந்து வரும். அதில் எது நிஜம் என்று குழந்தைகள் கேட்டால் பதில் சொல்லிப் பாருங்கள்!

இங்கே ஒரு நெருடலான விஷயத்தைப் பேசியாக வேண்டும். இவ்வளவு நேரம் கோலம், மல்லிகை என்று எழுதினேன். இதைப் படிக்கிறவர்களில் சிலருக்கு மனசுக்குள் முள் தைத்திருக்கும். கணவரை இழந்தவர்கள்! உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கோயிலுக்குத் தினமும் முழம் முழமாகப் பூத்தொடுத்துக் கொடுப்பார். ஒரு பூவைத் தன் தலையில் வைக்கமாட்டார். நேற்று வரை வாசலை நிறைத்துக் கோலம் போட்ட கை அது. ஒரே நாளில், ‘நீ போடாதே, மருமகள் போடட்டும்’ என்று அந்தக் கையிலிருந்து மாவுக் கிண்ணத்தை வாங்கிவிட்டார்கள். அழகு பகவானுடையது என்றால், அதைத் தொடக்கூடாது என்று ஒருத்தியைத் தள்ளிவைக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

காவேரியின் தென்கரையைக் கேளுங்கள், பதில் சொல்லும். திருப்பாணாழ்வார் அங்கேதான் நின்றார். உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்தவர். குலத்தின் பெயரால் அவருக்கு ஆற்றைத் தாண்டி அரங்கத்துக்குள் வர வழியில்லை. எட்ட நின்று, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துப் பாடியே காலம் போயிற்று. தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், பாட்டில் மெய்மறந்து நின்றவரை விலகச் சொன்னார். காதில் விழவில்லை. கல் வீசினார். நெற்றியில் ரத்தம். சந்நிதிக்குத் திரும்பிய முனிவருக்கு அரங்கன் இட்ட கட்டளை எல்லோரும் அறிந்ததுதான். விலகு என்று சொன்னவரே, தன் தோளில் அவரைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தார்.

உள்ளே வந்த ஆழ்வார் என்ன செய்தார்? கல் எறிந்ததைப் பற்றி ஒரு சொல் இல்லை. இத்தனை வருஷம் வெளியே நிறுத்தினாயே என்று ஒரு கேள்வி இல்லை. பார்த்தார். திருவடியில் ஆரம்பித்து, உடுத்த ஆடை, திருவுந்தி, திருமார்பு, கழுத்து, செவ்வாய், திருக்கண்கள் என்று மெதுவாக, ஒவ்வோர் இடமாக நின்று நின்று பார்த்தார். அமலனாதிபிரான் என்ற பத்துப் பாசுரங்கள் முழுவதும் பார்த்ததைத் தவிர வேறில்லை. கண்ட கண்கள் வேறெதையும் காணாது என்ற நிலையில் பாட்டு முடிகிறது. ஆழ்வாரும் அங்கேயே கலந்தார் என்பது ஐதீகம். அரங்கனின் அழகை ஆற அமரப் பார்த்துச் சொன்னவர், அந்த அழகின் பக்கமே வரக்கூடாது என்று ஊர் நிறுத்திவைத்தவர்!

சாஸ்திர விவாதம் செய்ய நான் வரவில்லை. வழக்கம், சம்பிரதாயம் என்று பெரியவர்கள் சொல்வதற்கு அவரவர் வீட்டில் அவரவர் மரியாதை கொடுக்கட்டும். ஆனால் உங்கள் வீட்டில் மாமியாரோ, நாத்தனாரோ, பெற்ற தாயோ அப்படி இருந்தால், நாளைக் காலையில் மாவுக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்து, “இந்தச் சிக்குக் கோலம் எனக்கு வரவே மாட்டேன் என்கிறதும்மா, நீங்கள் போடுங்களேன்” என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கை நடுங்கும். நடுங்கினாலும் இழை அறாது.

திருச்சியில் அழகைப் பற்றிய இன்னொரு பழைய சாட்சியும் இருக்கிறது. உச்சிப் பிள்ளையாரைத் தரிசிக்க மலைக்கோட்டை ஏறுகிறவர்கள், மூச்சு வாங்கும் அவசரத்தில் வழியில் இருக்கிற குடைவரையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது அது. ‘சித்திரகாரப்புலி’ என்று பட்டம் சூட்டிக்கொண்ட ராஜா! உள்ளே கங்கையைச் சடையில் ஏந்தும் கங்காதரர் சிற்பம். அங்கே உள்ள கல்வெட்டில் ஒரு வேடிக்கையான கற்பனை இருக்கிறது. சிவபெருமான் ஏற்கெனவே நதியை விரும்பித் தலையில் வைத்திருப்பவர். இவ்வளவு அழகான காவேரியைப் பார்த்தால் இவள் மீதும் ஆசை வைத்துவிடுவாரே என்று மலைமகளுக்குக் கவலை வந்ததாம். பிறந்த வீட்டை விட்டுவிட்டு, ‘இந்த நதி பல்லவனுக்குப் பிரியமானவள்’ என்று சொல்லிக்கொண்டு இந்த மலையிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டாளாம்!

ஈசனையே மயக்கிவிடுவாளோ என்று அம்பாளே பயந்த அழகி நம் காவேரி. அவளுக்கு நாம் செய்வது என்ன? தை அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் மறுநாள் படித்துறையைப் பாருங்கள். பழைய துணி, பிளாஸ்டிக் கவரோடு எறிந்த மாலை, ஷாம்பு பாக்கெட்... ராமானுஜர் வழியில் அழகு பகவானைக் காட்டும் சாளரம் என்று ஒப்புக்கொண்டால், இதற்கும் பதில் சொல்ல வேண்டும். சாளரத்தில் சேற்றை அப்பிவிட்டு, உள்ளே போய் அர்ச்சனை செய்வதால் தரிசனம் தெளிவாகுமா? பூவை நதியில் விடுகிறவர்கள், அதைச் சுமந்து வந்த கவரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போக ஒரு கைப்பை போதும். பூவையேகூட நதியில் விட வேண்டுமா, துளசி மாடத்து மண்ணில் போட்டால் உரமாகாதா என்று நான் கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோபம் வந்தால் அதைத் தணிக்க ஓர் இடம் சொல்கிறேன். ஸ்ரீரங்கம் கோயிலில், ரங்கவிலாச மண்டபத்துக்கு அருகில் வேணுகோபாலன் சந்நிதி. பெரிய பெருமாளைச் சேவிக்கும் அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. சந்நிதியின் வெளிச்சுவரைச் சுற்றி வாருங்கள். வீணை மீட்டுகிற பெண், கிளியோடு பேசுகிற பெண், கண்ணாடி பார்த்து அலங்கரித்துக்கொள்ளும் பெண்... கோயில் சுவரில், கிருஷ்ணன் சந்நிதியில், கண்ணாடி பார்க்கிற பெண்! அவள் ரிஷிபத்தினி அல்லள், தேவதையும் அல்லள். வேலை முடித்து, முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொள்ள நிற்கிற உங்களையும் என்னையும் போன்றவள். அந்தச் சிற்பிக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றவில்லை. இடையின் வளைவு, விரல் நுனி, நகையின் மணி என்று உளி பார்த்துப் பார்த்துச் செதுக்கியிருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் இன்னும் நன்றாகத் தெரியும். கூட்டம் இல்லாத மாசியில் யாரும் உங்களை ‘நகருங்க, நகருங்க’ என்று தள்ள மாட்டார்கள்.

மாசி முடிவதற்குள் இன்னொரு தரிசனமும் காத்திருக்கிறது. சமயபுரத்தில் மாசி மாதக் கடைசி ஞாயிறன்று பூச்சொரிதல் தொடங்கும். ஊர் ஊராகக் கூடை கூடையாகப் பூ வரும். அம்மன் மேல் மழையாகச் சொரிவார்கள். அன்றிலிருந்து 28 நாட்கள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். பக்தர்கள் விரதம் இருப்பது எங்கும் உண்டு. பிள்ளைகள் நலமாக இருக்க வேண்டும் என்று தாயே விரதம் இருப்பது சமயபுரத்தின் விசேஷம். அந்த நாட்களில் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர் மட்டுமே.

பசித்திருக்கிற தாய்க்கு ஊரே கொண்டுவந்து கொட்டுவது சாதம் அல்ல, பூ. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, தனக்கு மிஞ்சியதா என்று யாரும் கேட்காத நாட்கள் உங்களுக்கும் இருந்திருக்கும். அந்த நாளில் யாராவது ஒருவர் உங்கள் கையில் ஒரு முழம் மல்லிகையைக் கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு சின்னக் கூடையாவது எடுத்துக்கொண்டு போய் வாருங்கள். திருச்சியிலிருந்து பஸ் நிறைய உண்டு. பூச்சொரிதல் பங்குனியிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தொடரும் என்பதால், முதல் வாரக் கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள் அடுத்த வாரங்களில் போகலாம்.